தூக்கத்துக்காக வாங்கிய கெட்ட பெயர்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் இப்போது ஒரே பேச்சுதான். பிள்ளைகள் தூங்குவதில்லை. விடிய விடிய போனை நோண்டிக்கொண்டு கிடக்கிறார்கள், காலையில் காலேஜ் பஸ்ஸில் வாயைப் பிளந்துகொண்டு போகிறார்கள், சாப்பாட்டுத் தட்டு முன்னால் சாமியாடுகிறார்கள். நீங்கள் சொல்வதெல்லாம் சரிதான். நான் மட்டும் அந்தப் பேச்சில் வாயைத் திறப்பதில்லை. இவளுக்கென்ன, இவள் வீட்டுப் பிள்ளைகள் ஒழுங்கு போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறீர்கள். ஒழுங்காவது ஒன்றாவது! எனக்கு வெட்கம், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் தூங்கும் பிள்ளை என்று யாராவது சொன்னாலே, இந்த வயதிலும் எனக்குக் காது மடல் சூடாகிறது.

ஏழாம் வகுப்பில் நான் தூங்காத இடமில்லை. உங்களில் என்னோடு படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கும்பகர்ணி என்று எனக்குப் பெயர் வைத்ததே நீங்கள்தானே. அப்போது நம் வீடுகளில் போன் இல்லை, டிவிகூடத் தெருவுக்கு ஒன்றுதான். அப்புறம் ஏன் இவள் இப்படித் தூங்கி விழுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கே புரியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓசூரில் கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். ராயக்கோட்டைப் பக்கம் மானாவாரி நிலத்தை நம்பிப் பிழைக்க முடியாமல் அப்பா வந்து ஒரு கம்பெனியில் சேர்ந்தார். பின்னாலேயே அவர் தம்பியையும் சேர்த்துவிட்டார், என் சித்தப்பா. பாகலூர் ரோட்டை ஒட்டி ஒரு லைன் வீடு. வரிசையாக எட்டு, பத்துக் குடித்தனம், எல்லாவற்றுக்கும் சிமெண்ட் ஷீட்டுக் கூரை. எங்களுக்கு ஒரே அறை. இடுப்புயரச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு, இந்தப் பக்கம் ஒரு இரும்புக் கட்டில், மிச்ச இடத்தில் பாய். இதில் அப்பா, அம்மா, சித்தப்பா, நான்.

அப்பாவும் சித்தப்பாவும் ஒரே ஷிஃப்டில் வேலைக்குப் போனதே கிடையாது. கேட்டு வாங்கியே மாறி மாறிப் போனார்கள். காரணம், கட்டில் ஒன்றுதான். அப்பா எழுந்து போனால் சித்தப்பா வந்து படுப்பார், சித்தப்பா எழுந்தால் அப்பா. அந்தக் கட்டில் ஆறி நான் பார்த்ததில்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து கை வைத்தால்கூட வெதுவெதுவென்று இருக்கும். அதில் மெஷின் ஆயிலும் வியர்வையும் கலந்த ஒரு வாடை அடிக்கும். இப்போதும் லேத் பட்டறை வாசலைக் கடக்கும்போது அந்த வாடை வந்தால் எனக்குக் கொட்டாவி வருகிறது. சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான்.

வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட் மாறும். ஒரு வாரம் அப்பா இருட்டோடு எழுந்து கிளம்புவார், சித்தப்பா விடிந்து வந்து படுப்பார். அடுத்த வாரம் சித்தப்பா கிளம்புவார். இன்னொரு வாரம் ஒருவர் பாதி ராத்திரிக்கு வந்து கதவைத் தட்டுவார். அம்மாவோ மாத்திரை அட்டை பேக்கிங் பண்ணும் இடத்தில் நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை செய்துவிட்டு வருபவள். தலை சாய்த்தால் இடி விழுந்தாலும் எழ மாட்டாள். ஆகவே வீட்டிலிருந்த டைம்பீஸை என் தலையணைக்கடியில் வைத்துவிட்டார்கள்.

தலையில் இரண்டு மணி வைத்த பச்சை நிற டைம்பீஸ் அது. வெளியே வைத்தால் அடிக்கிற அடியில் நைட் ஷிஃப்ட் முடித்துப் படுத்தவரும் பதறி எழுந்துவிடுவார். பக்கத்து வீட்டுக்காரரும் சுவரைத் தட்டுவார். அதனால் ஒரு பழைய துண்டில் சுற்றி எனக்கடியில். அது கிர்ரென்று அதிரும்போது எனக்கு மட்டும் பல்லுக்குள் கேட்கும். நான் எழுந்து, யாருக்கு ஷிஃப்டோ அவரை மட்டும் தொட்டு எழுப்ப வேண்டும். ஆள் மாற்றி எழுப்பிவிட்டால் போச்சு. எழுப்பிவிட்டு ஸ்டவ்வைப் பற்றவைத்து வெந்நீர் போடுவேன். ஓசூர்க் குளிரில் அந்தச் சமயம் தரையில் கால் வைக்க முடியாது. பாதி ராத்திரித் தட்டலுக்குத் தாழ்ப்பாள் திறப்பதும் நான்தான்.

"நம்ம வூட்டுச் சங்கு இதான்டா. கம்பெனிச் சங்காவது ஒரு நாள் லேட்டா ஊதும், நம்ம பாப்பா லேட்டாவே ஆவ மாட்டா" என்று சித்தப்பா எல்லாரிடமும் பெருமையடிப்பார். எனக்கு உச்சி குளிர்ந்து போகும். பதினொரு பன்னிரண்டு வயதுப் பிள்ளையை நம்பி இரண்டு ஆண்பிள்ளைகள் கம்பெனிக்குப் போகிறார்கள் என்றால் சும்மாவா? அப்பாவுக்கு ஒரு நாள்கூட லேட் மெமோ வாங்கித் தரவில்லை நான்.

வீட்டில் கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்துக்கு வந்தால் கும்பகர்ணி.

சிஸ்டர்கள் நடத்திய பள்ளிக்கூடம். முதல் பீரியடில் எழுதத் தொடங்கும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும், மூன்றாவது பீரியடில் வரியை விட்டு இறங்கிப் பக்கத்து மூலைக்கு வழுக்கிக்கொண்டு போகும். ஒரு நாள் காலைப் பிரேயரில் கை கூப்பியபடியே தூங்கி முன்னால் நின்றவள் மேல் விழுந்தேன், அவள் அவளுக்கு முன்னால் நின்றவள் மேல் விழுந்தாள், வரிசையே சரிந்தது. மத்தியானம் புளிச்சோற்று டப்பாவில் கன்னத்தை வைத்துத் தூங்கியிருக்கிறேன். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவள், "ஏளம்மா, ஏளு" என்று யாரோ கன்னடத்தில் உலுக்கிய பிறகு விழித்தால் அத்திப்பள்ளி. தப்பான பஸ்ஸில் ஏறியதும் தெரியவில்லை, எல்லை தாண்டியதும் தெரியவில்லை. ஒரே தூக்கத்தில் மாநிலம் மாறியவள் நம் வகுப்பில் நான் ஒருத்திதான்.

பெரியவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆளாளுக்கு வைத்தியம் செய்தார்கள். கணக்கு டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் நிற்க வைத்தார். நின்றுகொண்டே தூங்கினேன். "எருமை மாடுகூட வெயில்ல முழிச்சிட்டு நிக்கும்டி, உனக்கென்ன கேடு?" என்பார். டாக்டர் வயிற்றில் பூச்சி என்று மருந்து கொடுத்தார். லைன் வீட்டுக்காரப் பெண்கள் சேர்ந்து எனக்குக் காற்றுப் பட்டிருக்கிறது என்று முடிவு கட்ட, அம்மா என்னைக் கெலமங்கலத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே ஒருவர் வேப்பிலையால் முகத்தில் அடித்து, புளியமரத்தடியில் பயந்துவிட்டாள் என்று சொல்லிக் கழுத்தில் கறுப்புக் கயிறு கட்டினார். நான் எந்தப் புளியமரத்தைக் கண்டேன்? கயிறு கட்டிக்கொண்டு வந்த அன்றைக்கும் அம்மா டைம்பீஸுக்குச் சாவி கொடுத்து என் தலையணைக்கடியில்தான் வைத்தாள்.

இன்றைக்குச் சொன்னால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். பிள்ளை ராத்திரியில் தூங்குவதில்லை, அதனால் பகலில் தூங்குகிறது. இதற்கு டாக்டர் எதற்கு, வேப்பிலை எதற்கு? ஆனால் எங்கள் லைனில் யாருமே ராத்திரியைத் தூங்குகிற நேரமாக நினைக்கவில்லை. எப்போது ஷிஃப்ட் முடிகிறதோ அப்போது தூக்கம். பிள்ளைக்கு மட்டும் தனியாக ஒரு ராத்திரி வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் வினை வந்தது. அறிவியல் பேப்பர் மேலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். எழுப்பியபோது மையெல்லாம் கன்னத்தில் ஒட்டியிருந்தது, பேப்பரில் எச்சில். தலைமையாசிரியையாக இருந்த பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "அப்பாவை அழைத்து வா. இல்லையென்றால் டிசியை வாங்கிக்கொண்டு போ" என்றார். பெரிய சிஸ்டர் தெற்கத்திக்காரர். கோபம் வந்தால் புத்தகத் தமிழில்தான் பேசுவார்.

அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே கேட்டாள். "டிசி குடுத்தாங்கன்னா குடுக்கட்டும். ராயக்கோட்டையில உங்க அத்த வூட்ல வுட்டுடறன், தக்காளி பொறுக்கு. பொம்பளப் புள்ளைக்குப் படிப்பு ஏறலன்னா இன்னா பண்றது?" என்றாள். கோபத்தில் சொல்கிறாள் என்று முதலில் நினைத்தேன். மறுநாள் அத்தைக்குச் சொல்லியனுப்பியே விட்டாள். அத்தை வீட்டுப் பிள்ளைகள் அப்படித்தான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றவர்கள். கூடை தூக்கித் தூக்கித் தலைமுடி வட்டமாகக் கொட்டிப் போயிருந்ததை லீவில் பார்த்திருக்கிறேன்.

அந்த வாரம் அப்பாவுக்கு நைட் ஷிஃப்ட். வீட்டுக்கு வந்து படுத்தால் எழ முடியாது என்று கம்பெனியிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். பெரிய சிஸ்டர் சர்ச்சுக்குப் போயிருந்தார். அவர் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. அதில் உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தவர் அப்படியே தூங்கிப்போனார்.

சும்மா தூங்கினாரா! தலை பின்னால் சுவரில் சாய்ந்து, வாய் பிளந்து, கடைவாயில் எச்சில் ஒழுக, குறட்டை எங்கள் வகுப்பு வரைக்கும் கேட்டது. மஞ்சளாகிப்போன யூனிஃபார்ம் சட்டையில் கறுப்புத் திட்டுகள். விளையாட்டுப் பீரியடுக்குப் போன ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையை விட்டு நின்று வேடிக்கை பார்த்தார்கள். "யாருடி அது, இவளோட அப்பாவா? அதான பார்த்தேன்!" என்று எனக்குப் பின்னால் ஒருத்தி சொன்னாள். வகுப்பே குலுங்கியது. நான் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். இந்த மனுசன் என் அப்பா இல்லை என்று யாராவது சொல்லிவிட மாட்டார்களா என்றிருந்தது. அன்றைக்கு மட்டும் எனக்குத் தூக்கமே வரவில்லை.

பெரிய சிஸ்டர் வந்து பெஞ்சைத் தட்டினார். அப்பா துள்ளி எழுந்து விறைப்பாக நின்றார். "தூங்கல சார்! தூங்கல சார்!" என்றார். கம்பெனியில் நைட்டில் கண்ணசந்தால் மெமோ. அந்தப் பயம். ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அப்பாவை அறைக்குள் அழைத்துக்கொண்டு, என்னையும் கூப்பிட்டனுப்பினார்கள். போய் அப்பா பக்கத்தில் நின்றேன். அவர் கண்ணைப் பார்க்க வேண்டுமே, மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்திருந்தது. மெஷினைத் துடைக்கும் தின்னர் வாடை வேறு, சாராயம் மாதிரி. நேராக நிற்க முடியாமல் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய சிஸ்டர் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். "ஐயா, இந்தப் பிள்ளை வீட்டில் எப்போது தூங்குகிறது?" என்று கேட்டார்.

அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார். பிறகு நிறுத்தினார். அவர் உதடு முணுமுணுப்பதை நான் பார்த்தேன். தன் ஷிஃப்ட், தம்பி ஷிஃப்ட், கதவைத் தட்டிய நேரம், வெந்நீர் நேரம் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார் என்று பின்னால்தான் எனக்குப் புரிந்தது. என் மகள் எப்போது தூங்குகிறாள் என்று அந்த மனுசன் அன்றைக்குத்தான் முதல்முதலாக யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகம் தொங்கிப்போயிற்று.

"பேச முடியவில்லை, இல்லையா? இந்த நேரத்திலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ராத்திரி வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?"

"ஐயோ, இல்லீங்க சிஸ்டர். நைட் முடிச்சிட்டு நேரா வர்றன். அதான் கண்ணு..."

"எல்லா அப்பாக்களும் இதைத்தான் சொல்கிறார்கள். நல்ல குடும்பத்துப் பிள்ளை இப்படித் தூங்கினால் நான் டிசிதான் கொடுத்திருப்பேன். இவளைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள், குடிகாரர் வீட்டுப் பிள்ளைகள், இவர்களுக்கென்று பின்னால் போர்டிங் வைத்திருக்கிறோம். அங்கே தங்கிப் படிக்கட்டும். நீங்கள் குடிப்பதை ஒத்துக்கொண்டு, விடுவதாகச் சத்தியம் செய்தால் சேர்த்துக்கொள்கிறேன்."

அப்பா மேசை விளிம்பிலிருந்து கையை எடுத்தார். அப்புறம் கேட்டார்.

"அங்க ராத்திரியில வெளக்க அணச்சிடுவீங்களா சிஸ்டர்?"

சிஸ்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. "ஜெபம் முடிந்ததும் அணைத்துவிடுவோம். காலை மணி அடிக்கும் வரை யாரும் எழக்கூடாது" என்றார்.

"நடுவுல யாரும் எழுப்ப மாட்டாங்களே?"

"எதற்காக எழுப்ப வேண்டும்?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் "அப்பா" என்று ஏதோ சொல்ல வந்தேன். என் கையைப் பிடித்து அழுத்தினார், விரல் நொறுங்குகிற மாதிரி. "ஆமாங்க சிஸ்டர். குடிப்பன். தெனமும் குடிப்பன். இனிமே குடிக்க மாட்டன்" என்றார்.

கள்ளைக்கூடத் தொடாத மனுசன் அவர். கம்பெனியில் ஆயுத பூஜையன்று ஆளாளுக்கு ஊற்றிக் கொடுக்கும்போது, வயிறு சரியில்லை என்று சொல்லிப் பொரியை மட்டும் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிறவர். அவர் என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தார். ஆயில் பிசுபிசுப்பு என் வகிட்டில் ஒட்டியது. வெளியே ஜன்னலில் நின்ற பிள்ளைகள் எல்லாவற்றையும் கேட்டார்கள். மத்தியானத்துக்குள் பள்ளிக்கூடம் முழுக்கப் பரவிவிட்டது.

அம்மாவிடம் அப்பா, "புள்ள நல்லாப் படிக்கறான்னு சிஸ்டரே போர்டிங்ல எடுத்துக்கறாங்க" என்று சொல்லிவிட்டார். அதுவரை பொய் சொல்லி நான் பார்த்திராத அப்பா ஒரே நாளில் இரண்டு பொய் சொன்னார். எதையும் சொல்லிவிடாதே என்று எனக்குக் கண்ணாலேயே உத்தரவு. அத்தைக்குப் போன சேதியைத் திருப்பி வாங்கினார்கள். டைம்பீஸ் சித்தப்பா தலைமாட்டுக்குப் போனது. முதல் வாரத்திலேயே இரண்டு பேருக்கும் லேட் மெமோ விழுந்ததாகக் கேள்விப்பட்டேன்.

போர்டிங்கில் முதல் நாள் தூங்கியதை எப்படிச் சொல்வேன்? நீளமான கூடம், வரிசையாகப் பாய், எனக்கென்று ஒரு முரட்டுக் கம்பளி. விளக்கை அணைத்தார்கள். கிணற்றில் போட்ட கல் மாதிரி விழுந்தேன். காலை மணி அடித்தபோது, யாரை எழுப்ப வேண்டும் என்று பதறி உட்கார்ந்து பக்கத்துப் பாயில் கிடந்தவளை உலுக்கினேன். அவள் "போடி லூசு" என்று திரும்பிப் படுத்தாள். யாரையும் எழுப்ப வேண்டியதில்லை! சந்தோசத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு மாதத்தில் என் கையெழுத்து கடைசி பீரியட் வரைக்கும் வரியில் நின்றது. கணக்கு டீச்சரே, "அடிப்பாவி, உனக்கு இவ்ளோ மூளை இருக்குதா!" என்றார்.

ஆனால் அந்தத் தூக்கத்தைக் காலையில் எழுந்து பார்த்தால் கசக்கும். அந்தக் கூடத்துப் பிள்ளைகள் அவரவர் அப்பா அடித்த தழும்பைக் காட்டுவார்கள். ஒருத்திக்கு முழங்கையில், ஒருத்திக்குப் புருவத்தில். "உனக்கு எங்கடி?" என்று என்னைக் கேட்பார்கள். எனக்கு எங்கே இருக்கிறது? ஒன்றும் சொல்லாமல் குனிந்துகொள்வேன். சொல்லக்கூட முடியாத அளவுக்கு இவள் அப்பா கொடுமைக்காரர் போலிருக்கிறது என்று அவர்களாகவே நினைத்து, தங்கள் முட்டையில் பாதியைப் பிய்த்து எனக்குத் தருவார்கள். அதைத் தின்றேன். வேறென்ன செய்ய?

ஞாயிற்றுக்கிழமை அப்பா பார்க்க வருவார். அம்மாவுக்கு வார லீவு புதன்கிழமை, அதனால் அவள் வர முடியாது. மற்ற அப்பாக்களைப் போல அவரையும் கேட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். உள்ளே விட வேண்டுமென்றால் வாயை ஊதிக் காட்ட வேண்டும். பெரிய சிஸ்டரின் உத்தரவு. வாட்ச்மேன் முகத்தைக் கொண்டுபோய், "ஊது" என்பார். எங்கள் அப்பா கண்ணை மூடிக்கொண்டு, பிறந்தநாள் மெழுகுவத்தியை ஊதும் பிள்ளை மாதிரிப் பயபக்தியோடு ஊதுவார். நான் வேப்பமரத்துப் பக்கம் திரும்பி நின்றுகொள்வேன். உள்ளே வந்ததும், "தூக்கம் வருதா பாப்பா?" என்று கேட்பார். வேறு எதுவும் கேட்க மாட்டார்.

அந்த வருசம் ஆண்டு விழாவில் எனக்கு வகுப்பில் இரண்டாம் பரிசு. மேடைக்குப் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரை வாங்கிக்கொண்டு இறங்கப் போனேன். பெரிய சிஸ்டர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். மைக்கில் அப்பாவையும் அம்மாவையும் மேடைக்குக் கூப்பிட்டார். அம்மா அன்றைக்குத்தான் லீவு போட்டுவிட்டு, கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு, முதல்முறையாகப் பள்ளிக்கூடத்துக்குள் வந்திருந்தாள். மகளைப் பாராட்டப் போகிறார்கள் என்று முகமெல்லாம் பல்லாக ஏறி வந்தாள்.

"இந்தத் தகப்பனைப் பாருங்கள். பெருங்குடிகாரராக இருந்தவர். பட்டப்பகலில் குடித்துவிட்டு நம் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் விழுந்து கிடந்தவர். மகளுக்காக ஒரே நாளில் குடியை விட்டார். இன்றைக்கு அந்தப் பிள்ளை பரிசு வாங்குகிறது. இவருக்காக எல்லாரும் கை தட்டுங்கள்" என்றார் பெரிய சிஸ்டர். மனசாரச் சொன்னார், பாவம். அவர் கண்ணிலும் தண்ணீர்.

பந்தலே அதிர்ந்தது. அப்பா கும்பிட்டபடி நின்றார். அம்மாவின் பல் அப்படியே இருந்தது, சிரிப்பு மட்டும் போய்விட்டது. அப்பாவைப் பார்த்தாள். அவர் நிமிரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் டம்ளரைப் பார்த்தேன். அம்மாவுக்கு வாய் நீளம், உங்களுக்குத் தெரியும். ரேஷன் கடைக்காரரையே அழ வைத்தவள். இப்போது மைக்கைப் பிடுங்கிக் கத்திவிடுவாள், போர்டிங் போச்சு, படிப்பு போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அவளோ முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். ஆத்திரத்தில் அழுதாள். சனங்கள் அதையும் ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து இன்னும் பலமாகக் கை தட்டினார்கள்.

கீழே இறங்கினதும் போர்டிங்கில் என்னோடு இருந்த ஒரு பிள்ளையின் அம்மா, தன் புருசனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தளிப் பக்கத்து ஆட்கள். அந்த ஆளுக்குக் கை நடுங்கிக்கொண்டேயிருந்தது.

"அண்ணா, கொஞ்சம் இந்தாளுக்குச் சொல்லுங்கண்ணா. நீங்க எப்டி வுட்டீங்க? கேட்டா முடியல முடியலங்குது."

அப்பாவுக்கு என்ன தெரியும் குடியைப் பற்றி? ஓடிப்போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் அந்த ஆளை ஓரமாக உட்கார வைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மொதல்ல கஷ்டமாத்தான் இருக்கும் தம்பி. கண்ணு எரியும். காது கும்முனு அடைக்கும். நிக்கற எடமே தெரியாது. இப்பவே வுழுந்துடுவம், கொஞ்சமே கொஞ்சம்னு மனசு கெஞ்சும். கெஞ்சனா குடுக்காத. மூஞ்சில தண்ணி அடிச்சிக்க. எதுனா எண்ணு, நட்டு எண்ணு, போல்ட்டு எண்ணு. புள்ள மொகத்த நெனச்சிக்க. விடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் ரொம்ப மோசமா இருக்கும். அதைத் தாண்டிட்டன்னா சங்கு ஊதிடுவான்."

அவர் சொன்னதெல்லாம் நைட் ஷிஃப்ட். எனக்கும் அம்மாவுக்கும் தெரிந்தது. அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? அப்பாவின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

கேட் வரைக்கும் அம்மா முந்தானையை வாயிலிருந்து எடுக்காமல் வந்தாள். வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டாள்.

"ஊரு முழுக்கக் குடிகாரன் பொண்டாட்டின்னு பேரு வாங்கிக் குடுத்துட்டியே! நீ இன்னா குடிச்ச? எப்ப குடிச்ச? நாளைக்கே வர்றன், அந்த சிஸ்டர்கிட்ட நாலு வார்த்த நறுக்குனு கேக்கறன். என் புருசன் யோக்கியன்னு நான் சொல்றன்!"

அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே நிதானமாகச் சொன்னார்.

"போய்ச் சொல்லு. நான் வேணாம்னு சொல்லல. சொல்லிட்டு, இந்தப் புள்ள எங்க தூங்கும்னும் நீயே சொல்லு."

அம்மா என்னைப் பார்த்தாள். கழுத்துக் கயிற்றைத் தொட்டாள், என் கண்ணுக்குக் கீழே விரலால் தடவினாள். அங்கே கருவளையம் போயிருந்தது. அன்றைக்குத்தான் அவள் அதைக் கவனித்தாள் போல. அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து, ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி பஸ்ஸுக்கு நின்றார்கள். அம்மா மறுநாளும் சிஸ்டரைக் கேட்க வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை. அப்பா சாகும்வரை அந்த ஊரில் குடியை விட்டவர் என்றே இருந்தார்.

நான் கூடத்துக்குத் திரும்பிப் போனேன். ஜெபம் முடிந்தது, விளக்கை அணைத்தார்கள். இன்றைக்காவது தூக்கம் வராமல் போகட்டும், கொஞ்ச நேரமாவது அழுதுகொண்டு கிடப்போம் என்று கம்பளிக்குள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்தேன். முடியவில்லை. அன்றைக்கும் எனக்கு நல்ல தூக்கம்.